ஏர்பாக்ஸை வெட்டி ஜெட் மாத்தினா லாபமா? கூக்கால் உயரத்துல ஒரு டூ-ஸ்ட்ரோக் கணக்கு



"கையில 15,000 ரூபாய் இருக்கு. ஆர்எக்ஸ் 100 வண்டிக்கு ஏர்பாக்ஸை வெட்டி, பெரிய ஜெட் போட்டு, சைலன்சரும் மாத்தினா மலையில நல்லா இழுக்குமா?" கொடைக்கானல் மேல்மலைப் பக்கத்துல இருந்து இந்த மாதிரிக் கேள்வி அடிக்கடி வருது. கேட்கிறவங்க பெரும்பாலும் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் போடுற வீட்டுப் பசங்க. அந்த 15,000 ரூபாய் அடுத்த போகத்துக்கு விதைப் பூண்டாகவும் மாறலாம். அதனால இதை ஒரு முதலீட்டுக் கேள்வியாவே எடுத்துக்கிட்டு கணக்கு போடுவோம்.

முதல்ல காத்துக் கணக்கு

கூக்கால் கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,900 மீட்டர் உயரம். அந்த உயரத்துல காத்தோட அடர்த்தி கடற்கரையை விட ஏறத்தாழ ஆறுல ஒரு பங்கு குறைவு. ரூபாய் மதிப்பு குறையிற மாதிரிதான். நோட்டு அதேதான், வாங்குற சாமான் குறையுது. உங்க இன்ஜின் ஒவ்வொரு தடவையும் அதே அளவு காத்தை இழுக்குது, ஆனா அதுல ஆக்சிஜன் குறைவு. 11 குதிரைத்திறன்னு வித்த ஆர்எக்ஸ் 100, கூக்கால்ல சுமார் 9 குதிரைத்திறன்தான் தரும். இதை எந்த ஜெட்டும் திருப்பித் தராது.

ஜெட் சரி பண்றது வேற விஷயம். காத்து மெலிஞ்சாலும் கார்புரேட்டருக்கு அது தெரியாது, பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காது. அதனால கலவையில பெட்ரோல் கிட்டத்தட்ட 10 சதவீதம் அதிகமாயிடும். ரிச் ஆகுதுன்னு மெக்கானிக் சொல்றது இதைத்தான். பிளக் கறுத்துப்போகும், புகை வரும், மைலேஜ் குறையும். மலையிலேயே ஓடுற வண்டிக்குத் தேவை ஒரு நம்பர் சின்ன மெயின் ஜெட். இல்லைன்னா ஊசியோட கிளிப்பை ஒரு காடி மேலே ஏத்தினா போதும்.

அப்போ ஏன் எல்லாரும் பெரிய ஜெட் போடச் சொல்றாங்க?

ஏர்பாக்ஸை வெட்டினா காத்து அதிகமா வரும், கலவை மெலியும், அதைச் சமன் பண்ண பெரிய ஜெட் வேணும். இது சரியான விதி. அமெரிக்காவுல 1987ல வந்த யமஹா பேன்ஷீங்கிற டூ-ஸ்ட்ரோக் ஏடிவி-க்கு, ரெண்டு கார்புரேட்டரோட, இதைத்தான் பண்றாங்க. ஆனா அங்கேயும் ஓட்டுற இடத்தோட உயரத்தையும் குளிரையும் பார்த்துத்தான் ஜெட் நம்பரை முடிவு பண்ணுவாங்க. நீங்க பார்க்கிற வீடியோ சென்னையிலயோ கோவையிலயோ எடுத்ததா இருக்கலாம். அந்த நம்பர் கூக்காலுக்குப் பொருந்தாது.

இங்கதான் பெரிய பொறி இருக்கு. கூக்கால்ல வண்டி ஏற்கனவே ரிச். ஏர்பாக்ஸை வெட்டிட்டு ஜெட்டை மாத்தாம விட்டா, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரியாப் போய் வண்டி அருமையா ஓடும். "பாத்தியா, செலவே இல்லாம பவர் வந்துடுச்சு"ன்னு தோணும். அடுத்த வாரம் பூண்டு விலை பார்க்க வடுகபட்டி சந்தைக்கு இறங்குறீங்க. கீழே காத்து அடர்த்தி, சூடும் அதிகம். கலவை மெலிஞ்சு லீன் ஆகும், பிஸ்டன் சூடேறிப் பிடிக்கும்.

இதுல மலைப்பாதை ஆபத்தும் சேருது. ஆர்எக்ஸ் 100-ல ஆயில் பம்ப் ஆக்சிலேட்டரோட இணைஞ்சது. நீண்ட இறக்கத்துல ஆக்சிலேட்டரை மூடிட்டு கியர்லயே இறங்கினா, இன்ஜின் வேகமாச் சுத்தும், ஆயிலோ குறைவாத்தான் போகும். கொண்டை ஊசி வளைவுல பின் சக்கரம் பூட்டிக்கிட்டா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்லை. இறக்கத்துல நடுநடுவே லேசா ஆக்சிலேட்டர் கொடுங்க. இதுக்குச் செலவே கிடையாது.

இப்போ ரூபாய்க் கணக்கு

கீழே உள்ள விலைகள் கணக்குப் புரியறதுக்காக நான் வெச்ச எண்கள். உங்க மெக்கானிக் சொல்ற தொகையைப் போட்டு மாத்திக்கோங்க.

- கூக்கால்ல இருந்து கொடைக்கானல் போய்வர சுமார் 80 கிலோமீட்டர். மாசம் 8 தடவைன்னா 640 கிலோமீட்டர்.
- லிட்டருக்கு 40 கொடுத்த வண்டி, பெரிய ஜெட் போட்டதும் 32 கொடுக்குதுன்னா 16 லிட்டர் 20 லிட்டர் ஆகும். லிட்டர் 100 ரூபாய்ன்னா மாசம் 400, வருஷம் 4,800 ரூபாய் கூடுதல்.
- மாற்றத்துக்கு 15,000. முதல் வருஷமே 19,800 போச்சு.
- பிஸ்டன் ஒரு தடவை பிடிச்சு ரீபோர் பண்ண 7,000. மொத்தம் 26,800.

ரீபோருக்கும் எல்லை உண்டு. பொதுவா ஒவ்வொரு தடவையும் கால் மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் வரைக்கும்தான். மொத்தம் நாலே தவணை உள்ள சொத்து அது. வீணா ஒண்ணைக் கழிக்காதீங்க.

உயரத்துக்கு ஏத்த மாதிரி ஜெட் மட்டும் செட் பண்ண 1,000 ரூபாய்ன்னு வையுங்க. பெட்ரோல்லயே அது திரும்பி வந்துடும்.

சட்டமும் இன்சூரன்ஸும்

2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் பண்ணின உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா 6 மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். சத்தம், புகை விதிகளை மீறினா முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் போகலாம். தேய்ஞ்ச ஜெட்டை மாத்தி ட்யூன் பண்றது வழக்கமான சர்வீஸ் வேலை. ஏர்பாக்ஸை வெட்டுறதும் சைலன்சரை மாத்துறதும்தான் கேள்விக்கு இடம் கொடுக்கும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாம பண்ணின மாற்றம் தெரிய வந்தா, வண்டி சேதத்துக்கான கிளைமை மறுக்கவோ குறைக்கவோ வாய்ப்பு உண்டு. 2022 ஜூன்ல வந்த கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரையான பைக்குக்கு மூன்றாம் நபர் பிரீமியம் வருஷம் 714 ரூபாய், வரி தனி. அதோட ஓட்டுநர்-உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடும் இருக்கான்னு பாருங்க. ஜெட்டுக்கு முன்னாடி இதுக்குத்தான் காசு ஒதுக்கணும்.

வரிக் கணக்கு: இது பலருக்குத் தெரியாது

ஆர்எக்ஸ் 100 இந்தியாவுல 1985ல வந்து 1996ல நின்னுது. இனி புதுசா வராது. சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கிற பைக், வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து இல்லை. 40,000-க்கு வாங்கி 70,000-க்கு வித்தா அந்த 30,000-க்கு மூலதன ஆதாய வரி கிடையாது. (வாங்கி விக்கிறதையே தொழிலா பண்ணினா அது வியாபார வருமானம்.) ஆனா நல்ல விலை கொடுக்கிறவர் தேடுறது ஒரிஜினல் ஏர்பாக்ஸ், ஒரிஜினல் சைலன்சர். வெட்டின ஏர்பாக்ஸ் உங்க விற்பனை விலையையும் சேர்த்து வெட்டும்.

ஹோம்ஸ்டேக்கு ஏடிவி வாங்க நினைக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. சாதாரண ஏடிவி-யை ரோட்டுல ஓட்டப் பதிவு கிடைக்காது, சொந்த எஸ்டேட்டுக்குள்ளதான் ஓட்டலாம். தொழிலுக்கு வாங்கினா தேய்மானம் கழிக்கலாம். சட்டத்தை மீறினதுக்குக் கட்டின அபராதத்தைச் செலவாக் காட்ட முடியாது.

என்ன பண்ணலாம்?

1. முதல்ல ஏர் ஃபில்டரைச் சுத்தம் பண்ணுங்க, இல்லைன்னா மாத்துங்க. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.
2. பிளக்கைக் கழட்டிப் பாருங்க. காபித்தூள் நிறம்னா சரி. கறுப்புன்னா ரிச், வெளுத்திருந்தா லீன்.
3. மலையிலேயே ஓடுற வண்டிக்கு மட்டும் ஒரு நம்பர் சின்ன ஜெட். கழட்டின பழைய ஜெட்டைப் பத்திரமா வையுங்க.
4. மாசம் ரெண்டு தடவையாவது கீழே இறங்குறவங்க கம்பெனி ஜெட்டையே விட்டுடுங்க. மேலே கொஞ்சம் புகை வந்தாலும் பரவாயில்லை, கீழே பிஸ்டன் பிழைக்கும்.
5. ஏர்பாக்ஸ்ல கத்தி வைக்காதீங்க.

ஜெட் செட்டிங்குக்கு 1,000 போக மீதி 14,000 இருக்கு. அதுல இன்சூரன்ஸைப் புதுப்பிச்சுட்டு, மிச்சத்தை விதைப் பூண்டுக்கு வையுங்க. மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. உங்க வீட்டுல உண்மையிலேயே வளரக்கூடிய முதலீடு அதுதான்.

அடுத்த பதிவுல சந்திப்போம். கணக்கைப் போட்டுட்டு, அப்புறம் ஸ்பேனரை எடுங்க!