கடை மாறும்போது வீட்டையும் பாருங்கள்

வெளியூரில் புதிய கடை தொடங்கும் வணிகப் பெருமக்கள் சந்தை நாள், லாரி வசதி, கடை வாடகை அனைத்தையும் பலமுறை விசாரிக்கிறார்கள். சிறு குழந்தைகளுடன் குடியேறப் போகும் வீட்டை மட்டும் தரகர் காட்டியவுடன் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். வியாபாரம் காலூன்றும் வரை நாம் விடியலில் மண்டிக்குச் சென்று, கடை அடைத்து, இரவில்தான் வீடு திரும்புவோம். பகல் முழுவதும் குழந்தைகளுக்குத் தாயாரும் அந்தத் தெருவும்தான் துணை. ஆகவே தெருவை முதலில் பாருங்கள்.

பள்ளி நடக்கும் தூரத்தில் இருக்கட்டும். பள்ளி தொடங்கும் நேரத்தில் அந்த வழியில் ஒருமுறை நடந்து பார்த்தால், நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டுமா, மதுக்கடை உண்டா என்பது தெரியும். சித்திரையில் கிணறு வற்றுமா, ஐப்பசி மழையில் தெருவில் தண்ணீர் தேங்குமா என்பதை அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கேளுங்கள். இரவில் அவசரமென்றால் எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

கடை மாடியிலேயே குடியிருந்தால் வாடகை மிச்சம்தான். ஆனால் மிளகாய் வற்றல் நெடியும் மூட்டை இறக்கும் சத்தமும் கைக்குழந்தைக்கு ஆகாது.

மே மாதத்தில் குடிபெயர்வது நல்லது. ஜூனில் பள்ளி திறக்கும்போது குழந்தை மற்றவர்களோடு சேர்ந்தே தொடங்கும். நடுவில் மாற நேர்ந்தாலும் கலங்க வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 8ஆம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று கூறி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது.

கடைக்கு முன்பணம் கொடுக்கும் முன் குடும்பத்தாரை அழைத்துச் சென்று ஊரைக் காட்டுங்கள். பகலெல்லாம் அங்கே இருக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.