கணிப்பொறியும் காலமும்

ஒரே கடையில் வாங்கிய இரண்டு கடிகாரங்களை ஒரே நேரத்தில் திருத்தி வைப்பினும், சில நாட்கள் சென்றபின் அவை வெவ்வேறு நேரம் காட்டக் காணலாம். ஒன்று முந்தும், மற்றொன்று பிந்தும். கணிப்பொறியின் கடிகாரமும் இவ்வியல்புக்கு விலக்கன்று. அதனுள் அமைந்த சிறிய படிகம் ஒன்று இடையறாது அதிர்ந்துகொண்டிருக்கும். அவ்வதிர்வுகளை எண்ணியே கணிப்பொறி காலத்தை அறிகின்றது. வெப்பம் மிகினும் குறையினும் அதிர்வு சிறிது மாறுபடும். அதனால் நாள் ஒன்றுக்கு ஒரு வினாடி அளவு பிழை நேர்தல் இயல்பே.

ஒரு வினாடியால் என்ன கேடு வந்துவிடும் எனச் சிலர் வினவலாம். ஒருவர் வங்கியில் பணம் செலுத்துகின்றார். மறுகணமே அவர் மகன் வேறோர் ஊரில் அதனை எடுக்கின்றான். அவ்வூர்க் கணிப்பொறியின் கடிகாரம் பிந்தியிருப்பின், செலுத்துவதற்கு முன்னரே பணம் எடுக்கப்பட்டதாகக் கணக்கில் தோன்றும். காலப்பிழை உயிரையும் பறிப்பதுண்டு. 1991ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், சவுதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் இருந்த ஏவுகணைத் தடுப்புப் பொறியின் காலக் கணக்கில், ஏறத்தாழ மூன்றில் ஒரு வினாடி பிழை சேர்ந்திருந்தது. பாய்ந்து வந்த ஏவுகணை அச்சிறு பொழுதில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். பொறி அதனை வேறிடத்தில் தேடியது. 28 வீரர்கள் உயிரிழந்தனர்.

தொலைவிலுள்ள கடிகாரங்களை ஒன்றுபடுத்தும் முயற்சி புதியதன்று. 1792இல் எழுந்த சென்னை வானாய்வு நிலையம், 19ஆம் நூற்றாண்டில் தந்திக் கம்பி வழியே புகைவண்டி நிலையங்களுக்கு நேரம் அறிவித்து வந்தது. தந்திக் குறிப்பு நொடிப்பொழுதில் சென்று சேரும். கணிப்பொறி வலையிலோ செய்திகள் பல சந்திகளைக் கடந்து, ஆங்காங்கே காத்து நின்று செல்கின்றன. ஆதலின், “மணி என்ன?” என்னும் வினாவுக்கு வரும் விடை, வந்து சேரும்போதே பழையதாகிவிடுகின்றது.

இவ்விடரைக் களைய வழி கண்டவருள் தலைசிறந்தவர் டேவிட் மில்ஸ் (1938–2024) என்னும் அமெரிக்க அறிஞர். பிறவியிலேயே கண்ணோய் உடையவராயினும், அவர் தம் முறையை 1985இல் வெளியிட்டார். பின்னர் டெலாவேர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து அதனைச் செம்மைப்படுத்தினார்.

அம்முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தன் கடிகாரம் 10 மணி 0 வினாடி காட்டும்போது, ஒரு கணிப்பொறி நேரம் வழங்கும் பொறிக்கு வினாவை அனுப்புகின்றது. வழங்கும் பொறி தன் கடிகாரப்படி 7ஆம் வினாடியில் அதனைப் பெற்று, 8ஆம் வினாடியில் விடை விடுக்கின்றது. கேட்ட கணிப்பொறியின் கடிகாரப்படி 5ஆம் வினாடியில் விடை வந்து சேர்கின்றது. ஆகவே சென்று மீளக் கழிந்தவை 5 வினாடிகள்; அவற்றுள் ஒன்று அங்கே தங்கிய காலம். எஞ்சிய 4 வினாடிகளே வழிப்பயணம், ஒருவழிக்கு 2. எனவே விடை சேரும்போது உண்மை நேரம் 10ஆம் வினாடி. தன் கடிகாரமோ 5 காட்டுகின்றது. பிழை 5 வினாடி எனக் கணிப்பொறி தெளிகின்றது. உண்மையில் இப்பயணம் வினாடியின் ஆயிரத்திலொரு பங்குகளில் முடிந்துவிடும். கணக்கு முறை ஒன்றே.

போகும் வழியும் மீளும் வழியும் ஒத்த நேரம் கொள்ளாவிடில் இக்கணக்கு தவறும். ஆதலால் கணிப்பொறி ஒரு பொறியை மட்டும் நம்பாது பலவற்றைக் கேட்கின்றது. பிறவற்றோடு முரண்படும் விடையைத் தள்ளி, விரைந்து வந்த விடைகளைப் பெரிதும் மதிக்கின்றது.

இவற்றுக்கெல்லாம் மூலமாவது அணுக் கடிகாரம். சீசியம் அணுவின் கதிர்வீச்சு 919 கோடியே 26 இலட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிரும் காலமே ஒரு வினாடி என 1967இல் வரையறுக்கப்பட்டது. இந்திய நேரத்தைப் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் இத்தகைய கடிகாரங்களால் காத்து வருகின்றது. அணுக் கடிகாரத்தோடு இணைந்த பொறிகள் முதல் அடுக்கு. அவற்றைக் கேட்பவை இரண்டாம் அடுக்கு. இவ்வாறு நேரம் படிப்படியாக இறங்கி வருகின்றது.

பிழையை அறிந்தவுடன் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்புதல் தகாது. திருப்பின், முன் நிகழ்ந்தது பின் நிகழ்ந்ததாகிவிடும். ஆகவே சிறு பிழையாயின், கடிகாரத்தின் ஓட்டத்தை மிகச் சிறிதளவு விரைவாக்கியோ தளர்த்தியோ சரிசெய்வர். பத்தில் ஒரு வினாடிப் பிழை நீங்க மூன்று நிமிடங்களுக்கு மேலாகும்.

தன் கடிகாரமே சரியென்று இறுமாந்திராமல், பலரைக் கேட்டு, கேட்டதை ஆராய்ந்து, தன் பிழையைப் பையப் பையத் திருத்திக்கொள்ளும் இம்முறை, கணிப்பொறிக்கு மட்டுமன்றி மனிதர்க்கும் ஏற்றதன்றோ?