நாட்டுக் கோழியும் நகரத்து முட்டையும்

புனே நகரின் சந்தைக்குச் செல்லும் தமிழன்பர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். ஒருபுறம் வெள்ளை முட்டைகள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருக்கும். மறுபுறம் ஒரு கூடையில் பழுப்பு முட்டைகள். அவற்றிற்கு விலை இருமடங்கு. கேட்டால், “காவ்ரான்” என்பார் கடைக்காரர். கிராமத்தது, நாட்டுக் கோழியினது என்பது பொருள். நோயுற்ற குழந்தைக்கென்று அதையே தேடி வாங்கும் தாய்மார் பலர். அவர்கள் கொடுக்கும் விலைக்குத் தக்க பொருள் கிடைக்கின்றதா என்பதை ஆராய்வோம்.

நாட்டுக் கோழி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகளே இடும். பண்ணையில் வளரும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழியோ 300 முட்டைகளுக்கு மேலும் இடும். இவ்வேறுபாட்டிற்குத் தலையாய காரணம் தாய்மையே. நாட்டுக் கோழி பத்துப் பதினைந்து முட்டையிட்டதும் அடையில் அமர்ந்துவிடுகிறது. 21 நாள் அடைகாத்து, பின்னர்க் குஞ்சுகளோடு சில வாரங்கள் திரிகிறது. அக்காலமெல்லாம் முட்டையில்லை. பண்ணைக் கோழியிடம் அடைகாக்கும் இயல்பையே மனிதன் பல தலைமுறைத் தெரிவினால் நீக்கிவிட்டான். அத்துடன் சரிவிகிதத் தீவனமும், நாளொன்றுக்குப் பதினாறு மணி நேர ஒளியும் அளிக்கின்றான். 1971இல் பி. வி. ராவ் தொடங்கிய வெங்கடேஷ்வரா ஹேச்சரீஸ் போன்ற நிறுவனங்களின் முயற்சியால் புனே இத்தொழிலின் பெருநிலையமாயிற்று. நமது நாமக்கல்லின் புகழும் அம்முறையால் வளர்ந்ததே.

எனினும் நாட்டுக் கோழியை இகழ்தல் தகாது. சிந்திய தானியத்தையும் புழுபூச்சியையும் உண்டு, வெயிலையும் நோயையும் தாங்கி வாழ்வது அது. மேற்கு ஆப்பிரிக்கச் சிற்றூர்களிலும் இத்தகைய கோழிகளே முற்றத்தில் மேய்கின்றன. அவற்றுள் கழுத்தில் இறகில்லாத வகை வெப்பத்தை நன்கு தாங்குகிறது. முட்டை சிறிது, செலவோ மிகக் குறைவு. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 31 கோடிக்கும் மேற்பட்ட கோழி முதலிய பறவைகள் வீட்டுப் புறக்கடைகளில் வளர்ந்தன. அவற்றைப் பேணுவோர் பெரும்பாலும் பெண்கள்.

இனித் தரத்தைப் பார்ப்போம். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைக் காட்டுமேயன்றிச் சத்தைக் காட்டாது. பழுப்பு முட்டையிடும் பண்ணைக் கோழிகளும் உள்ளன. ஆகவே ஒரே நிறமும் ஒரே பருமனுமாக அமைந்த முட்டைகளை நாட்டு முட்டை என்று நம்பிவிடலாகாது. உண்மையான நாட்டு முட்டைகள் சிறியவை. நிறத்திலும் வடிவிலும் ஒன்றுபோல் ஒன்றிராது. மஞ்சட்கருவின் ஆழ்ந்த நிறம் கோழி மேய்ந்த பசுந்தழையின் பயன். பண்ணையிலும் தீவனத்தால் அதனை உண்டாக்கலாம். நாட்டு முட்டையில் மஞ்சட்கருவின் விகிதம் சற்று மிகுதி. ஆயினும் முட்டை சிறிதாகலின், ஒரு முட்டையில் கிடைக்கும் மொத்தப் புரதம் குறைவே.

தரத்திற்கு உண்மையான உரைகல் புதுமை. ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியே நீரும் கரியமில வாயுவும் வெளியேற, வெண்கரு நீர்க்கிறது; உள்ளிருக்கும் காற்றறை பெருக்கிறது. வெண்கருவின் உயரத்தை முட்டையின் எடையோடு பொருத்தித் தரத்தை அளக்கும் முறையை ஹா என்பவர் 1937இல் வகுத்தார். இல்லத்தில் ஒரு பாத்திரம் நீரே போதும். புதிய முட்டை படுத்துக் கிடக்கும், நாட்பட்டது நிமிர்ந்து நிற்கும், மிதப்பதை விலக்குக. சிற்றூரில் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பின் நகரம் வரும் நாட்டு முட்டை, சில வேளை பண்ணை முட்டையினும் பழையதாயிருத்தல் கூடும்.

ஆதலின், குழந்தையின் நலம் கருதுவோர் விலையையும் நிறத்தையும் நோக்காது புதுமையை நோக்குக. நன்றாக வேகவைத்துக் கொடுத்தால், புதிய வெள்ளை முட்டையும் குழந்தைக்குச் சிறந்த உணவே. சுவைக்காகவோ, கோழி வளர்க்கும் ஏழைத் தாய்க்கு நாலு காசு சேரட்டும் என்ற எண்ணத்தாலோ நாட்டு முட்டை வாங்குவது நன்றே. அவ்வாறாயின், அறிந்த கையிலிருந்து வாங்குக. அப்பொழுதுதான் நாம் கொடுக்கும் மிகுவிலை உரியவரைச் சென்றடையும்.