கம்பளத்துக்கு அடியில்

தாராவியில் எங்கள் சந்தின் முகப்பில் நிற்கும் பிரீமியர் பத்மினி என்னைவிட மூத்தது. அண்டையிலுள்ள குர்லாவில் பிறந்த வண்டி. அதன் இனத்து டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு மும்பைச் சாலைகளிலிருந்து விடைபெற்றன. இது சொந்த வண்டியாதலால் பிழைத்தது. சென்ற கோடையில் அத்தை ஏறிக் கால் வைத்த இடம் உள்வாங்கவே, "எடைக்குப் போட்டுவிடலாம்" என்றார் அப்பா. மனம் கேளாமல், இருக்கை தைக்கும் அண்ணாச்சி ஒருவரை அழைத்து வந்தேன். புதுக் கம்பளம் விரித்தால் போதும் என்பது என் எண்ணம்.

"தம்பி, கம்பளத்தைப் பாக்காதீங்க, அடியில கெடக்கிறதைப் பாருங்க" என்று அவர் இருக்கைகளின் போல்ட்டுகளைக் கழற்றினார்.

அடியில் இருந்தது ஃபெல்ட் மெத்தை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததே, அந்த வெள்ளம் இவ்வண்டியிலும் புகுந்ததாம். நான் அப்போது கைக்குழந்தை. வீட்டார் கம்பளத்தை மேலாக உலர்த்தித் திருப்தியடைந்துவிட்டார்கள். ஃபெல்ட்டோ நீரை உறிஞ்சி, தகட்டின்மேல் ஈரத்துணி போர்த்தியதுபோல் கிடக்கும், காற்றும் படாது. துரு மேலிருந்து கீழாகத் தின்னும். ஓட்டை விழும்வரை, வண்டிக்கடியில் குனிந்து பார்ப்பவருக்கும் தெரியாது.

ஸ்குரூடிரைவர் பிடியால் தரை முழுவதும் தட்டினோம். கணீரென்று ஒலித்த இடம் நல்லது. பொத்தென்று ஒலித்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டியதாயிற்று. (பற்றவைக்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவது அவசியம்.) மற்ற இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி தடவி, பிரைமரும் வண்ணமும் பூசினோம்.

அத்துடன் கம்பளத்தை விரிக்க அவசரப்பட்டேன். அண்ணாச்சி என்னை உள்ளே உட்காரவைத்து, முன்கண்ணாடிமேல் வாளி வாளியாக நீர் ஊற்றினார். ஓரத்து ரப்பர் வழியே சொட்டுச் சொட்டாக என் முழங்காலில் விழுந்தது! ரப்பரை மாற்றிய பிறகே மேல்வேலை.

மெத்தைக்கு நீர் உறிஞ்சாத, மூடிய கண்ணறைகள் கொண்ட நுரைவிரிப்பு வாங்கினோம். அதைத் தரையோடு ஒட்டவில்லை. வேண்டும்போது தூக்கிப் பார்க்கலாமல்லவா? பழைய கம்பளத்தையே அளவாக வைத்து வெட்டினோம். பத்மினிக்குக் கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருப்பதால், அதற்கெனத் துளை வெட்டும் தொல்லையில்லை. ஆக்ஸிலரேட்டர் மிதியில் கம்பளம் சிக்காதபடி மட்டும் இருமுறை மிதித்துப் பார்த்தோம்.

ஜூலை மழைக்குப்பின் ஓரத்தைத் தூக்கித் தடவினேன். உலர்ந்திருந்தது. எனக்கு முன்பே அப்பா தூக்கிப் பார்த்திருக்கிறார் போலும், மடிப்புக் கலைந்திருந்தது.