சுளகு மடியில், கொரியா டிவியில்

பீடி சுற்றுகிறவர்களுக்குக் கண்ணும் கையும் ஓயாது. மடியில் சுளகு. அதில் நறுக்கிய இலை, ஓரத்தில் தூள், விரலிடுக்கில் நூல். இலையைப் பரப்பி, தூளை வைத்து, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி இறுக்கிப் போட்டுவிட்டு அடுத்த இலையை எடுக்க வேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. பார்வை அங்கே இங்கே போனால் கணக்கு குறையும். காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. தென்காசி மாவட்டத்தில் கடையநல்லூர், புளியங்குடி, ஆலங்குளம் என்று எந்த ஊர்த் தெருவுக்குள் நுழைந்தாலும் அந்தக் காதுக்கு வேலை கொடுப்பது டிவி.

"ஏட்டி, அந்தக் கொரியா நாடகத்த வையி. நேத்து பாதியில கரண்ட் போயிட்டு" என்று மதினி ஒருத்தி நாத்தனாரிடம் சொல்வதை அதே மாவட்டத்து ராயகிரியில் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே சீரியல் என்றாலே நாடகம்தான். அதில் சென்னை நாடகம் ஒன்று, வடநாட்டு நாடகம் ஒன்று, கொரியா நாடகம் ஒன்று. அவ்வளவுதான் வித்தியாசம்.

2013 அக்டோபரில் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி, அடுத்த ஆண்டு கொரியத் தொடர்களைத் தமிழில் டப் செய்து போட்டது. 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்', 'ப்ளேஃபுல் கிஸ்' எல்லாம் அப்படித்தான் நம் வீட்டுக்குள் வந்தன. பணக்காரப் பையன், ஏழைப் பெண், நடுவில் பையனின் தாயார். நமக்குப் பழகாத எதுவும் அதில் இல்லை. முகமும் உடையும் தெருவும்தான் புதுசு. ஒரு வாரம் பார்த்தால் அதுவும் பழகிவிடும். பிறகு ஓடிடி வந்தது. 2021இல் ஸ்பெயின் தொடரான 'மணி ஹைஸ்ட்' தமிழ் பேசியது. கொரியாவின் 'ஸ்க்விட் கேம்' பிள்ளைகளின் செல்போனில் ஓடியது.

'பழகிய வட்டத்தை விட்டு வெளியே வாருங்கள், வெளிநாட்டுப் படங்களைப் பாருங்கள்' என்று அறிவுரை சொல்லும் நகரத்து நண்பர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். ராயகிரி ஏற்கெனவே வெளியே வந்தாயிற்று. வராமல் நிற்பது ஓரிடத்தில் மட்டும்: ஆங்கில சப்டைட்டில் முன்னால்.

2020 ஜனவரியில் 'பாரசைட்' படத்துக்காக கோல்டன் குளோப் விருது வாங்கிய இயக்குநர் போங் ஜூன் ஹோ, சப்டைட்டில் என்பது ஓர் அங்குல உயரத் தடைதான், அதைத் தாண்டிவிட்டால் எத்தனையோ அற்புதமான படங்கள் காத்திருக்கின்றன என்ற பொருளில் பேசினார். அமெரிக்கர்களைப் பார்த்துச் சொன்னது அது. அவர்களுக்குத் திரையில் ஓடும் எழுத்து சொந்த மொழி. படிக்கச் சோம்பல், அவ்வளவே. நம் ஊரில் எட்டாவதோடு நின்ற ஒருத்திக்கு அந்த ஓர் அங்குலம் மேற்குத் தொடர்ச்சி மலை. எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வரி போய்விடும். வரியைப் பிடித்தால் முகம் போய்விடும். கொரியனும் பாரசீகமும் அவளை விரட்டவில்லை. நடுவில் தரகு வேலை பார்க்கும் ஆங்கிலம் விரட்டுகிறது.

தூர்தர்ஷன் காலத்து ஞாயிறு மதியத்தை நினைத்துப் பாருங்கள். விருது வாங்கிய மாநில மொழிப் படங்களை ஆங்கில சப்டைட்டிலோடு போடுவார்கள். அசாமியோ வங்காளமோ ஒரியாவோ, நம் வீடுகளில் அதற்கு ஒரே பெயர்: அவார்டு படம். 'தமிழ் எப்ப வரும்' என்று வாரக்கணக்கில் காத்திருந்த தலைமுறை அது. அந்தப் படங்கள் மோசமா? இல்லை. கறிக்குழம்பு சாப்பிட்ட மயக்கத்தில் இருந்தவர்களிடம் ஆங்கிலம் படி என்றால் அவர்கள் தூங்காமல் என்ன செய்வார்கள்?

ஆனால் தமிழ்நாட்டு ஊர்கள் முதன்முதலில் பார்த்த படங்களே வெளிநாட்டுப் படங்கள்தான். 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டினார். இயேசுவின் வாழ்க்கை பற்றிய மௌனப் படம் அவரிடம் இருந்தது. மௌனப் படத்துக்கு மொழி ஏது? நடுநடுவே வரும் எழுத்தட்டைகளைப் படிக்கத் தெரியாதவர்களுக்காகத் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று கதையை உரக்கச் சொல்லும் வழக்கமும் அன்றைய கொட்டகைகளில் இருந்தது. நல்ல குரலும் கொஞ்சம் குறும்பும் உள்ள ஆளாக இருந்தால் படத்தைவிட அவருக்கு மவுசு கூடியிருக்கும் என்பது என் ஊகம்.

1931இல் 'காளிதாஸ்' வந்தது; திரை தமிழ் பேசியது. கதை சொல்லிக்கு வேலை போயிற்று. வெளிநாட்டுப் படம் மெல்ல மெல்ல இங்கிலீஷ் தெரிந்தவர்களின் சொத்தாக மாறியது அதற்குப் பிறகுதான். பெரிய ஊர்களில் சங்கம் வைத்துப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் சிலர் அதை நமக்காக மாற்றியும் தந்தார்கள். ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'ராஷோமான்' தந்த பாதிப்பில் எஸ். பாலசந்தர் 1954இல் 'அந்த நாள்' எடுத்தார். பாட்டே கிடையாது, கதாநாயகன் சிவாஜி தேசத்துரோகி. இன்று கொண்டாடுகிற அந்தப் படத்தை அன்று ஜனங்கள் முதல் சுற்றில் கைவிட்டார்கள். ஒரேயடியாக இத்தனை பழக்கத்தையும் விடச் சொன்னால் யார்தான் விடுவார்கள்!

எங்கள் பக்கத்தில் செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் சினிமாக் காற்றே வேறு. செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்–கொச்சிச் சீமையில் இருந்த ஊர். அங்கிருந்து ஆரியங்காவு வழியாக இறங்கினால் கேரளம். அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965இல் திருவனந்தபுரத்தில் 'சித்ரலேகா' திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நமக்கு 'அக்ரகாரத்தில் கழுதை'யைத் தந்த ஜான் ஆபிரகாம், எண்பதுகளில் 'ஒடேசா' குழுவோடு புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். சாப்ளினின் 'தி கிட்' படத்தைக் காட்டி, ஜனங்களிடம் சில்லறை வாங்கி, அந்தக் காசில் 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தார். 2013இல் கொரிய இயக்குநர் கிம் கி டுக் கேரளத் திரைப்பட விழாவுக்கு வந்தபோது நம் ஊரில் நடிகர்களை மொய்ப்பதுபோல் அவரை மொய்த்தார்கள்.

அந்த விழாவைவிட எனக்குப் பொறாமை தருவது வேறொன்று. 2012இலிருந்து 'எம்சோன்' என்ற பெயரில் தன்னார்வலர்கள் உலகப் படங்களுக்கு மலையாள சப்டைட்டில் எழுதி வருகிறார்கள். மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் என்று யார் யாரோ உட்கார்ந்து ஈரானியப் படத்தையும் கொரியத் தொடரையும் மலையாள எழுத்தாக்கிக் கொடுக்கிறார்கள். தமிழில் அப்படி ஊன்றி நின்ற முயற்சி இல்லை. நம்மிடம் இருப்பது டப்பிங். ஜாக்கி சானை வடிவேலு பாணியில் பேசவைத்துச் சிரித்த வம்சம் நாம். அதற்காக டப்பிங்கை மட்டமாகப் பேசுகிற உலக சினிமா ரசிகர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. நடிகரின் சொந்தக் குரல் போய்விடுகிறது என்பது உண்மைதான். ஆனால் கையில் வேலை வைத்திருக்கிறவளுக்குக் காதுவழி தவிர வேறு வழி இல்லை.

சரி, எதைப் பார்ப்பது? ரஷ்ய இயக்குநர் தர்கோவ்ஸ்கியில் தொடங்காதீர்கள். அது தலைப்பிள்ளைக்கு முதல் நாளே ஊறுகாய் ஊட்டுகிற வேலை.

2025 மார்ச்சில் வந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' தொடரைச் சொல்வேன். 16 அத்தியாயங்கள். ஜேஜு தீவு, கடலில் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்ணின் மகள் ஏசுன், அதிகம் பேசத் தெரியாத, சந்தையில் முட்டைக்கோஸ் விற்ற குவான்சிக். கல்யாணமாகி மாமியார் வீட்டில் வாழ்க்கை. சாப்பாட்டு வேளையில் ஆண்களுக்கு ஒரு மேசை, பெண்களுக்குத் தனியாகச் சின்ன மேசை. குவான்சிக் சண்டை போடவில்லை, வசனம் பேசவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி, பெரிய மேசைக்கு முதுகைக் காட்டி, மனைவியின் மேசையைப் பார்த்துச் சாப்பிடத் தொடங்குகிறான். பாட்டிக்கும் தாயாருக்கும் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். ஆண்கள் சாப்பிட்டு எழுந்தபிறகு அடுப்படியில் உட்கார்ந்து மிச்சத்தைப் போட்டுக்கொள்கிற வீடுகள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. நம் படத்தில் இதே விஷயத்துக்குக் கதாநாயகன் ஒரு பக்கம் வசனம் பேசுவான், தியேட்டரில் விசில் பறக்கும், வீட்டுக்குப் போய் அதே வரிசையில்தான் சாப்பிடுவோம். அயல்நாட்டுக் கதை அந்தத் தப்பித்தலைக் கொடுப்பதில்லை. யாரோ கொரியாக்காரன்தானே என்று அசட்டையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது நம் அடுப்படிக்குள் வந்துவிடுகிறது.

ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யும் அப்படித்தான். 1953இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ஒனோமிச்சி என்ற சிற்றூரிலிருந்து வயதான தம்பதி பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ போகிறார்கள். மகன் டாக்டர், மகள் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். இருவருக்கும் நேரம் இல்லை. அதனால் பெற்றோரை அத்தாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். பாசத்தில் அனுப்புவதுபோல் இருக்கும். இடத்தைக் காலி செய்கிற காரியம் அது. அங்கே இளவட்டங்களின் ஆட்டம் பாட்டத்தில் பெரியவர்களுக்குத் தூக்கமே வராது. சீசனில் குற்றாலத்தில் லாட்ஜ் எடுத்துத் தாய் தகப்பனை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பெற்ற பிள்ளைகளைவிட அன்பாக நடத்துவது போரில் செத்த மகனின் மனைவி நோரிகோ. கேமராவும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவரின் கண் உயரத்தில்தான் இருக்கும். நாம் பார்க்கிற உயரம் அது. படம் மெதுவாகப் போகும், ஒத்துக்கொள்கிறேன். முதல் அரை மணி நேரம் பொறுக்கத்தான் வேண்டும்.

ஈரானிய இயக்குநர் கியரோஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே?' 1987இல் வந்தது. பக்கத்துப் பையனின் நோட்டைத் தெரியாமல் எடுத்து வந்துவிட்ட சிறுவன், அதைத் திருப்பிக் கொடுக்க அடுத்த கிராமத்துக்கு ஓடுகிறான். மொத்தக் கதையும் அவ்வளவுதான். நடுவில் தாத்தா அவனை மறித்து சிகரெட் எடுத்துவரச் சொல்வார். அவரிடமே சிகரெட் இருக்கும். பிள்ளை சொல் பேச்சுக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் ஏவுவதாகப் பக்கத்தில் இருப்பவரிடம் பெருமையாகச் சொல்லுவார். இந்தத் தாத்தா எந்தத் திண்ணையில் இல்லை?

இப்போது யூடியூபில் கதை சொல்லிகள் திரும்ப வந்திருக்கிறார்கள். எந்த நாட்டுப் படமானாலும் பதினைந்து நிமிடத்தில் தமிழில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். திரைக்குப் பக்கத்தில் நின்ற அந்தக் காலத்து ஆளின் பேரப்பிள்ளைகள்தாம். ஒரு குறை: அவர் படம் ஓடும்போது சொன்னார், இவர்கள் படத்துக்குப் பதிலாகச் சொல்கிறார்கள். குவான்சிக் திரும்பி உட்காரும் காட்சியை 'அவன் மனைவிக்கு ஆதரவாக இருந்தான்' என்று ஒரு வரியில் கடந்துபோனால் அதில் என்ன மிஞ்சும்?

அரசுப் பள்ளிகளில் நடப்பது உருப்படியான காரியம். 2022–23 கல்வியாண்டில் பள்ளிக் கல்வித்துறை மாதந்தோறும் 6 முதல் 9ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குச் சிறார் படம் காட்டத் தொடங்கியது. முதல் படம் சாப்ளினின் 'தி கிட்'. பிறகு பிரெஞ்சுப் படமான 'தி ரெட் பலூன்'. 1921இன் மௌனப் படம் ஒன்று. 1956இல் வந்து, 34 நிமிடமே ஓடி, பேச்சு மிகக் குறைவாக உள்ள படம் இன்னொன்று. தேர்ந்தெடுத்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பாரிஸ் தெருவில் ஒரு பையன் பின்னாலேயே பலூன் நாய்க்குட்டிபோல் வருவதைப் பார்க்க எந்த மொழியும் வேண்டாம். பார்த்துவிட்டுப் பிள்ளைகள் பேச வேண்டும், விமர்சனம் எழுத வேண்டும் என்பதும் திட்டத்தில் உண்டு.

அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும்தான் அப்படியொரு திரை இல்லை. பள்ளிக்கூடம் ஞாயிற்றுக்கிழமை பூட்டித்தான் கிடக்கிறது. புரொஜெக்டரும் உள்ளேதான் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களும் தலைமையாசிரியரும் மனது வைத்தால் மாதம் ஒரு படம் போடலாம். 'ரெட் பலூன்', 'தி கிட்' இரண்டுக்கும் பேச ஆள் தேவையில்லை. 'டோக்கியோ ஸ்டோரி' போடுகிற அன்றைக்கு மட்டும் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்ல வேண்டியிருக்கும். ராயகிரியில் போடுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள், நான் வருகிறேன்.