சிறு வணிகரின் சிப்பம்

கடைத்தெருவிலுள்ள கடைக்கு வாயிலும் பெயர்ப்பலகையும் உண்டு. பொருளைக் கையிலெடுத்து விளக்கிக் கூறக் கடைக்காரரும் உண்டு. இணையத்தின் வழியே மட்டும் விற்பனை செய்யும் சிறு வணிகருக்கு இவ்வசதிகள் இல்லை. அவருடைய கடையைச் சேர்ந்ததாக வாங்குவோர் கையில் முதன்முதலில் படுவது, வீடு வந்து சேரும் சிப்பமே. ஆகவே அச்சிப்பம் பொருளைக் காக்கவும் வேண்டும். கடையை அறிமுகப்படுத்தவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே அமைப்பினால் நிறைவேற்ற இயலும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உத்தரப் பிரதேசத்திலுள்ள குர்ஜா நகரம் பீங்கான் பாண்டங்களுக்குப் பெயர் பெற்றது. அங்கு செய்யப்படும் கோப்பை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கணக்கின் பொருட்டு அதன் விலை 200 ரூபாய் என்றும், அதில் கிடைக்கும் ஆதாயம் 40 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், வழியில் உடைந்த ஒரு கோப்பைக்காகப் பணத்தைத் திருப்பித் தரும்போது 160 ரூபாய் நஷ்டமாகிறது. வேறு நான்கு கோப்பைகளின் ஆதாயம் முழுவதும் அந்நஷ்டத்தை ஈடுசெய்யவே செலவாகிவிடும். அனுப்பும் கூலி இக்கணக்கில் சேரவில்லை.

அதிர்ச்சியைத் தாங்கும் வழி

மேசை உயரத்திலிருந்து, அதாவது 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் சிப்பம், தரையைத் தொடும்போது விநாடிக்கு ஏறக்குறைய 3.9 மீட்டர் வேகம் பெற்றிருக்கிறது. அவ்வேகம் எவ்வளவு தொலைவில் அடங்குகிறது என்பதைப் பொறுத்தே அடியின் கடுமை அமைகிறது. 2 மில்லிமீட்டர் தொலைவுக்குள் அடங்குமாயின், கோப்பையின்மீது அதன் எடையைப்போல் ஏறத்தாழ 380 மடங்கு விசை தாக்கும். உள்ளே அடைத்த பொருள் நசுங்கி 20 மில்லிமீட்டர் இடங்கொடுக்குமாயின், அவ்விசை 38 மடங்காகக் குறைந்துவிடும். வைக்கோல், கசக்கிய தாள், கீற்றாக நறுக்கிய பழைய அட்டை ஆகியவை இவ்வாறு இடங்கொடுப்பதனாலேயே பயன்படுகின்றன. கோப்பைக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே எல்லாப் பக்கங்களிலும் 5 சென்டிமீட்டர் விட்டு, அவ்விடைவெளியை நிரப்புவது நல்ல வழக்கம். குலுக்கும்போது உள்ளே ஓசை கேட்டால் அடைப்பு போதவில்லை என்பது தெளிவு.

பெட்டியின் அமைப்பு

இரு தட்டைத் தாள்களுக்கிடையே அலைபோல் மடிந்த தாளை ஒட்டிச் செய்வது நெளியட்டை. நெளிந்த தாள் 1856-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உயரமான தொப்பிகளின் உட்புறத்துக்கெனக் காப்புரிமை பெற்றது. 1871-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் கண்ணாடிக் குப்பிகளைச் சுற்றுவதற்கு அதனைப் பயன்படுத்தும் உரிமை பெற்றார். நெளிவுகள் மேலிருந்து கீழாக நிற்குமாறு பெட்டி அமைந்தால், அடுக்கி வைக்கும் பாரத்தை அது நன்கு தாங்கும். ஈரம் ஏறிய அட்டை வலுவிழந்துவிடுவதால், மழைக்காலத்தில் பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைப்பது அவசியம்.

தேவைக்கு மீறிய பெரிய பெட்டியும் நஷ்டமே. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோகிராம் எடையாகக் கொண்டு கூலி விதிப்பது அனுப்பும் நிறுவனங்கள் பலவற்றின் முறை. ஒவ்வொரு பக்கமும் 20 சென்டிமீட்டர் உள்ள பெட்டிக்கு இவ்வெடை 1.6 கிலோகிராம், 30 சென்டிமீட்டர் உள்ளதற்கு 5.4 கிலோகிராம். உள்ளே இருப்பதோ அதே கோப்பைதான்.

அழகு சேர்க்கும் முறை

அழகுக்காகப் புதிய பொருள்களைச் சேர்க்கவேண்டிய அவசியமில்லை. கோப்பையை நிறுத்தும் அட்டைத் தடுப்பையே தாமரை இதழ் வடிவில் வெட்டலாம். ராஜஸ்தானத்தின் சாங்கானேர், பக்ரூ ஆகிய ஊர்களில் துணி அச்சிடுவோர் கையாளும் மர அச்சைப் போன்ற ஒன்றினால் பழுப்புப் பெட்டியின்மீது ஒரே நிறத்தில் முத்திரை பதிக்கலாம். தைத்தபின் எஞ்சும் துணித்துண்டு கட்டும் நாடாவாகும். மூடியின் உட்புறத்தில், பாண்டம் செய்யப்பட்ட முறையையும் அதனைப் பேணும் வகையையும் நான்கு வரிகளில் அச்சிட்டால் தனிச் சீட்டு வேண்டியதில்லை.

இதில் சட்டமும் கவனிக்கத்தக்கது. இனிப்புப் பெட்டிகளின்மேல் பிளாஸ்டிக் ஏடு சுற்றுவதும், அலங்காரத்துக்குத் தெர்மோகோல் உபயோகிப்பதும் 2022 ஜூலை 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. உணவுப் பொருளைச் செய்தித்தாளில் பொதியலாகாது என்பது 2018-ஆம் ஆண்டின் உணவுச் சிப்ப ஒழுங்குமுறை. சில்லறையில் விற்பதற்கு முன்கூட்டியே சிப்பமிடப்பட்ட பொருளின்மீது தயாரிப்பவர் பெயர், முகவரி, நிகர அளவு, அதிகபட்ச விலை முதலிய விவரங்களைக் குறிக்குமாறு 2011-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. முத்திரை எத்துணை அழகியதாயினும் இவற்றை மறைத்தல் கூடாது.

சோதனை

சிப்பத்தின் தகுதியை எந்தப் பள்ளியிலும் சோதித்தறியலாம். 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு முனை, மூன்று விளிம்புகள், ஆறு முகங்கள் தரையில் படுமாறு சிப்பத்தைப் பத்து முறை விழவிட்டுப் பிறகு திறந்து பார்த்தல் வேண்டும். கோப்பைக்குப் பதிலாக முட்டையை வைத்தால் மாணவர்களுக்கு இயற்பியற் பாடமும் விளங்கும். விரிவான ஆய்வும் பயிற்சியும் வேண்டுவோருக்கு, 1966-இல் நிறுவப்பட்டு மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியச் சிப்பவியல் நிறுவனம் உதவுகிறது.

கைவினைஞர்களிடையே பணிபுரியும் களப் பணியாளர்கள், முதற் சிப்பம் ஊரைவிட்டுப் புறப்படுமுன் இச்சோதனையைச் செய்துகாட்டுவது நன்று. ஒரு கோப்பையை இழந்து கற்கும் பாடம், வாங்குவோர் ஒருவரை இழந்து கற்பதைவிட மலிவானது.