என் டவுசர் பையில் இருந்த காட்சி



'பழைய படத்தின் தரத்தைச் சொல்வது அன்றைய வசூலா, இன்றைய ரசனையா?' என்பது தலைப்பு. 'இன்றைய ரசனையே' என்று பேச வந்திருக்கிறேன். நான் ராஜபாளையத்துக்காரன். இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து பேசித் தோத்துப் போனா, திரும்பும்போது கையில பால்கோவா மட்டும்தான் மிஞ்சும். (சிரிப்பு)

எதிரணித் தலைவர் கேட்டார்: "காசு குடுத்துப் பாத்தவனே வேண்டாம்னு ஒதுக்கின படத்தை, இன்னிக்கு ஓசியில பாத்துட்டு நல்ல படம்னு சொல்ல நீ யாருய்யா?" நியாயமான கேள்விதான். 1944ல் வந்த ஹரிதாஸ், சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. ஓடின படம், நல்ல படமும்கூட. அதில் எனக்கு அவரோடு சண்டையில்லை.

1954ல் வந்ததே, அந்த நாள்? ஏவி.எம். தயாரிப்பு, எஸ். பாலசந்தர் இயக்கம். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, ஸ்டண்ட் கிடையாது. படம் தொடங்கியதுமே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். ஜனங்க பாட்டு எப்ப வரும், எப்ப வரும்னு உட்கார்ந்திருந்தாங்க. வரவே இல்லை. வசூல் கைவிட்டது. மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது.

இன்றைக்கு நம்ம அணியிலேயே சில பேர் அதை 'ரஷோமான் காப்பி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஜப்பானியர் குரோசவா 1950ல் எடுத்த படம் அது. ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள். எது உண்மை என்று கடைசிவரை தெரியாது. அந்த நாள் படத்தில் கொலை செய்தது யார் என்று தெரிந்துவிடும். ஒருவன் நாட்டுக்குத் துரோகம் செய்தால் அவன் வீட்டில் இருக்கிறவர்கள் எந்தப் பக்கம் நிற்கணும் என்பதுதான் அங்கே கேள்வி. சுட்டது யாருன்னு நான் சொல்ல மாட்டேன். பார்க்காதவங்க இங்க இருப்பீங்க. சட்டியை யார்கிட்ட வாங்கினாலும், அதில் என்ன சமைத்தான் என்று பார்க்க வேண்டாமா?

இன்னொன்று. எங்க ஊர் நாயை எல்லாருக்கும் தெரியும். வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, வேட்டை நாய். அதை மடியில் வைத்துக் கொஞ்சிப் பார்த்துவிட்டு, "பொமரேனியன் மாதிரி சொகமா இல்லையே" என்று மார்க்கைக் குறைப்பீர்களா? (சிரிப்பு) அப்புறம் படத்துக்கு மட்டும் ஏன் ஒரே தராசு? எம். கர்ணன் 1972ல் கங்கா என்று ஒரு கௌபாய் படம் எடுத்தார். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர். கதையை விடுங்க, ஓடுகிற குதிரையோடு கேமரா எப்படி ஓடுதுன்னு பாருங்க. அந்தப் படத்துக்கு அதுதான் பரீட்சை.

1963ல் எம்.ஜி.ஆர். நடித்த கலை அரசி. காசிலிங்கம் இயக்கியது. வேற்றுக் கிரகத்துக்காரங்க பூமிக்கு வர்றாங்க. எதுக்கு? தங்கத்துக்கா, தண்ணிக்கா? இல்லை. அவங்ககிட்ட விஞ்ஞானம் இருக்கு, கலை இல்லை. பாட்டு, நாட்டியம் சொல்லிக்குடுக்க ஆள் வேணும்னு பானுமதியைத் தூக்கிட்டுப் போறாங்க! ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே வருஷத்தில் ஒரு தமிழ்ப் படத்துக்கு இப்படி ஒரு கற்பனை. செட்டைப் பார்த்துச் சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். இந்த யோசனையைப் பார்த்து எப்படிச் சிரிக்க முடியும்?

ஆனால் நானே அந்தப் படத்தை மோசம் என்று சொன்னவன்தான், நடுவர் அவர்களே. எதிரணியினர் குறித்துக்கொள்ளலாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில், எங்க ஊர்ப் பக்கம் ஒரு டெண்டுக் கொட்டகையில் அது வந்தது. மில்லில் ஷிப்ட் முடிந்தவங்க பஞ்சுத்தூசியைத் தட்டிட்டு நேரா வருவாங்க. மண்ணைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து நான் பார்த்தேன். கதை தாவித் தாவிப் போச்சு. வெளியே வந்து, "எடிட்டிங் தெரியாதவன் எடுத்த படம்டா"ன்னு பயலுகளிடம் தீர்ப்புச் சொன்னேன். எடிட்டிங்னா என்னன்னே தெரியாத வயசு!

அந்தத் தீர்ப்பைச் சொல்லும்போது என் டவுசர் பையில் ஒரு ஃபிலிம் துண்டு இருந்தது. ஆபரேட்டருக்கு உதவியாக இருந்த பையனிடம் அஞ்சு பைசாவுக்கு வாங்கினது, அதே படத்தினுடையது. ஃபியூஸ் போன பல்பில் தண்ணியை நிரப்பி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, வேட்டியில் படம் காட்டினோமே, ஞாபகம் இருக்கா? (கைதட்டல்) அதுக்குத்தான். என் துண்டு ஒன்றரை அடி. ஓர் அடிக்குப் பதினாறு கட்டம், ஒன்றரை அடிக்கு 24. திரையில் அது ஒரே ஒரு விநாடி.

ஒரு விநாடிதானேன்னு கேட்பீங்க. மதுரையிலும் மற்ற ஊர்களிலும் ஓடிக் களைத்த பிரதிதான் டெண்டுக் கொட்டகைக்கு வரும். அறுந்த இடத்தில் வெட்டி ஒட்டுவார்கள். ஒவ்வொரு ஒட்டுக்கும் சில கட்டங்கள் போகும். ஊர் ஊராக எத்தனை ஒட்டு, எத்தனை டவுசர் பை! பல வருஷம் கழித்து டி.வி.யில் அதே படத்தைப் பார்த்தேன். நான் தாவினதாக நினைத்த இடங்களில் காட்சிகள் இருந்தன.

அதனால்தான் சொல்கிறேன்: பழைய படத்துக்குத் தீர்ப்புச் சொல்லுமுன், கையில் இருப்பது முழுப் படமா, மிச்சமா என்று கேளுங்க. மிச்சம்கூட இல்லாதவை எத்தனையோ. தமிழின் முதல் பேசும் படம் காளிதாஸ், 1931 அக்டோபர் 31ல் வெளிவந்தது. இன்று பிரதி கிடையாது. பழைய ஃபிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும், தானாகவே மட்கும்; போதாக்குறைக்கு அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கினவர்களும் உண்டு. பல படங்களுக்குப் பாட்டுப் புத்தகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதில் கதைச் சுருக்கத்தின் கடைசியில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டிருப்பான். எங்கே போய்க் காண்பது?

வசூலை நம்புகிற நண்பர்களுக்கு ஒரு கதை. நாகர்கோவில் சுந்தர்ராஜ் என்பவர் பணம் போட்டு, பி.வி. ராவ் இயக்கிய ஊமைப் படம் மார்த்தாண்ட வர்மா. சி.வி. ராமன் பிள்ளையின் நாவல். 1933ல் திருவனந்தபுரத்தில் திரையிட்டார்கள். நாவலின் உரிமை எங்களுடையது என்று பதிப்பகத்தார் வழக்குப் போட, படம் பறிமுதல். தயாரிப்பாளருக்குப் பெரும் நஷ்டம். உங்க கணக்குப்படி படுதோல்வி!

ஆனால், பறிமுதலானதால் அது ஊர் ஊராகப் போகவில்லை. அறுபடவில்லை, யார் டவுசர் பைக்கும் போகவில்லை. பதிப்பகத்திலேயே கிடந்து, 1974ல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தென்னாட்டில் எடுத்த எத்தனையோ ஊமைப் படங்கள் மண்ணாகிவிட, இன்றைக்கு உட்கார்ந்து பார்க்க முடிகிற ஒன்றாக இது நிற்கிறது. ஓடியிருந்தால் அழிந்திருக்கும், அய்யா! (கைதட்டல்)

பழைய காலத்துக் கதைதானே என்று நினைக்க வேண்டாம். பாலு மகேந்திராவின் வீடு 1988ல் வந்த படம், தேசிய விருது வாங்கியது. அதன் நெகட்டிவ் அழிந்துபோனதென்று அவரே மேடையில் வருந்திப் பேசினார்.

நேரமாச்சுன்னு நடுவர் மணியைப் பார்க்கிறார். என் பையில் அந்த ஒன்றரை அடி இன்னும் இருக்கிறது. இப்போ டவுசர் பை இல்லை, சட்டைப் பை. மேடை விளக்குக்கு நேரே பிடிச்சுப் பாருங்க, நடுவர் அவர்களே. எம்.ஜி.ஆர். திரும்புகிறார். எந்தப் பக்கம் போகிறார்னு தெரிவதற்குள் முடிந்துவிடும்.